ஒப்பந்ததாரர் அனுப்பிய தொழிலாளி இறந்தால் இழப்பீடு யார் பொறுப்பு?

கேள்வி (பட்டறை உரிமையாளர், கோவை):
வணக்கம். சிறிய பிரஸ் பட்டறை நடத்துகிறேன். சொந்த ஆட்கள் ஆறு பேர். ஆர்டர் கூடும் மாதங்களில் ஒப்பந்ததாரர் ஒருவர் இரண்டு பேரை அனுப்புவார். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராததால் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறேன். இம்மாதம் (செப்டம்பர் 2024) அவர் அனுப்பிய 30 வயதுத் தொழிலாளி பிரஸ்ஸை இயக்கும்போது மின்சாரம் பாய்ந்து இறந்துவிட்டார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். ஐந்து லட்சம் கொடுத்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். அப்படிச் செய்யலாமா?

பதில் (வழக்கறிஞர்):
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, உங்கள் தொழிலின் வழக்கமான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்வித்தாலும் இழப்பீடு தர வேண்டியவர் நீங்களே. கொடுத்த தொகையைப் பின்னர் அவரிடம் வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சம்பளம் எவ்வளவானாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுக்கப்படும். அதில் பாதியான 7,500ஐ, 30 வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஈமச்சடங்குச் செலவு தனி. அவர் சொல்லும் ஐந்து லட்சம் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுப்பதைச் சட்டம் இழப்பீடாகவே ஏற்பதில்லை. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு இப்போது மிக அவசரமாகத் தேவைப்படுவது அதுதான். தாமதிக்காமல் ரசீது பெற்றுக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

பதில் (காப்பீட்டு முகவர்):
பாலிசி அட்டவணையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கையும் ஆண்டுச் சம்பளமும் காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்குள் இழப்பீடு கட்டப்படாவிட்டால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் விழும். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. வட்டியையும் பாலிசியிலேயே விலக்கி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். ஆறு பேர் மட்டுமே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி காலியாக உள்ளது.

பதில் (வழக்கறிஞர்):
அப்படியானால் நிறுவனம் மறுக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் உடனே எழுத்து மூலம் விபத்தைத் தெரிவியுங்கள்; ஒப்பந்ததாரருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள். அவர்கள் பதில் வரும்வரை காத்திராமல், விபத்து நடந்து ஒரு மாதம் முடியும் முன் தொகையை ஆணையரிடம் கட்டிவிடுங்கள். பாலிசி கைகொடுக்காவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கான உங்கள் பொறுப்பு குறையாது.