வாராந்திர போட்டோ சவால்: குடும்பப் படத்தில் பின்வரிசை மங்குகிறது

கேள்வி:
இந்த வாரத் தலைப்பு ‘ஜன்னல் வெளிச்சம்’. ஐந்து பேர், இரண்டு வரிசை. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), தூரம் 2 மீட்டர். முன்வரிசை பளிச், பின்வரிசை மங்கல். ஜன்னலுக்குத் தள்ளி நிற்பவர்கள் முகம் இருட்டு. எதை மாற்றலாம்?

பதில் 1:
அந்தத் தூரத்தில் எஃப் 1.8-க்கு ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம்) சுமார் 17 செ.மீ.தான், இரண்டு வரிசை அதில் அடங்காது. எஃப் 5.6 வைத்துத் துளையைச் சிறிதாக்குங்கள், அரை மீட்டர் கிடைக்கும். பின்னால் நிற்பவர்கள் குனிந்து, முன்னால் இருப்பவர்களின் தோளருகே முகத்தைக் கொண்டுவரட்டும். துளை சிறிதானதால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200 என்றால் 2000-க்கு ஏற்றுங்கள். ஷட்டர் வேகத்தைக் குறைத்து ஈடுகட்டாதீர்கள். குழந்தை இருந்தால் 1/250 வினாடி வேண்டும், அந்த வேகம் இல்லாவிட்டால் குழந்தையின் கை அசைவு இழுபட்டுத் தெரியும்.

பதில் 2:
இருட்டு முகத்துக்குக் காரணம், குழு ஜன்னலுக்கு மிக அருகில் நிற்பது; ஜன்னலோரம் இருப்பவருக்கு மட்டும் வெளிச்சம் அதிகமாக விழுகிறது. மொத்தப் பேரும் ஜன்னலிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் அறைக்குள்ளே வரட்டும், வித்தியாசம் குறையும். இருட்டுப் பக்கம், ஃபிரேமுக்குச் சற்று வெளியே வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோல் நிறத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

பதில் 3:
ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தலைப்பே அடிபட்டுப்போகும். ஐந்து பேரில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார், பர்ஸ்ட்டில் (ஒரே அழுத்தில் தொடர்ந்து பல படங்களாக) எடுங்கள்.