மேக்கில் மட்டும் தோற்ற டெஸ்ட்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அது சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் ஒரு டெஸ்ட், "கொடி" என்று பெயரிட்ட கோப்பை உருவாக்கி, ஃபோல்டரிலிருந்து அந்தப் பெயரைத் திரும்பப் படித்து எழுத்துகளை எண்ணும். விடை இரண்டு வர வேண்டும். லினக்ஸிலும் விண்டோஸிலும் இரண்டுதான் வந்தது. பழைய மேக் வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் மூன்று வந்தது.

முதலில் நான் செய்தது தவறு. மேக்கில் அந்த டெஸ்டை ஓட்ட வேண்டாம் என்று ஒரு ஸ்கிப் வரி போட்டுவிட்டேன். ஆறு மாதம் அப்படியே கிடந்தது. அப்புறம் வேறொருவர் மேக்கில் உருவாக்கிய ஜிப் கோப்பை லினக்ஸில் திறந்தபோது அங்கேயும் மூன்று வந்தது.

காரணம் இதுதான். யூனிகோடில் "ஒ"காரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அதனால் என் நிரல் "கெ", அதன்பின் தனியாக ஒரு கால், அப்புறம் "டி" என்று எண்ணியது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் என்ற புதிய மேக் கோப்பு முறைமை நாம் கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. அதற்காக, பழைய வடிவில் உலவும் கோப்புகள் மறைந்துவிடவில்லை. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் முதலில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரே வரியில் சிக்கல் தீர்ந்தது. ஸ்கிப் வரியையும் எடுத்துவிட்டேன். (ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள"வும் தட்டச்சு செய்யும் பழக்கம் நம்மிடம் நிறைய. அதை என்எஃப்சி சேர்க்காது, தனியாகத்தான் கையாள வேண்டும்.)

*

மேலே எழுதியவருக்கு மேக்கில் நடந்தது, எனக்கு நடந்தது விண்டோஸில். எண் வரிசைகளைக் கணக்கிடும் பைத்தான் லைப்ரரி நம்பை. 50,000 என்ற எண் கொண்ட நம்பை வரிசையை வர்க்கப்படுத்தினால் 250 கோடி வர வேண்டும். விண்டோஸில் மட்டும் -1,79,49,67,296 வந்தது. எச்சரிக்கைகூட வரவில்லை. அங்கே அப்போது நம்பையின் இயல்பான முழு எண் 32 பிட் (அதில் 250 கோடி அடங்காது), லினக்ஸில் 64. எந்த அளவு என்று நாங்கள் நிரலில் குறிப்பிடாததுதான் பிழை.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0 விண்டோஸிலும் 64 பிட் ஆக்கிவிட்டது. ஆனால் அந்தப் பதிப்புக்குப் பயந்து "2க்குக் கீழே மட்டும்" என்று எங்கள் லைப்ரரியில் உச்சவரம்பு போட்டோம். அதுதான் பெரிய தொல்லையாகிப்போனது. வேறொரு பேக்கேஜுக்கு 2.0 தேவைப்பட்டவர்களால் எங்களுடையதையும் சேர்த்து நிறுவவே முடியவில்லை. ஒரு மாணவி தன் ஆய்வு வேலை இரண்டு நாள் நின்றுபோனதாக எழுதியிருந்தார். படித்தபோது மிகவும் சங்கடமாக இருந்தது. இப்போது உச்சவரம்பு கிடையாது. வாரம் ஒருமுறை, நாங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பிலும் அன்றைய புதிய பதிப்பிலும் டெஸ்ட் தானாக ஓடும். பயனரிடம் போய் உடைவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

*

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் நன்றி. டெஸ்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளையும் ஒருமுறை பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் யாரோ ரகசியமாக உள்ளே நுழைய வைத்திருந்த பின்கதவு 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. அது ஒளிந்திருந்தது டெஸ்டுக்கான சுருக்கக் கோப்புகளில்தான். கெட்டுப்போன கோப்பை நிரல் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வைத்தவைபோல் அவை இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதைச் செயல்படுத்தும் பில்டு வரிகளோ (நிரலைத் தொகுக்கும்போது ஓடுபவை) எல்லோரும் பார்க்கும் மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டியதால்தான் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு, எப்படி உருவானது என்று சொல்ல முடியாத பைனரி கோப்பு எதையும் நான் ஏற்பதில்லை.

*

இதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். முதல் பதிவில் நான் சொன்ன ஜிப் கோப்பே எங்கள் டெஸ்ட் ஃபோல்டரில் அப்படித்தான் கிடந்தது. நீக்கிவிட்டு, பிரித்த வடிவப் பெயரோடு அந்த ஜிப்பை டெஸ்ட் ஓடும்போதே உருவாக்கும் சிறு நிரல் எழுதிப் போட்டேன். மூன்று தளங்களிலும் இரண்டு என்றே வருகிறது.