மேப்பிள் ரியூப்பில சாறு வருதில்லை, அவசர உதவி

லின்ட்சே_காணி: வணக்கம். இங்க கனடாவில, லின்ட்சேயில, காணியில நிக்கிற மேப்பிள் மரங்களுக்குத் துளை போட்டு, ரியூப் இழுத்து, கீழ வாளி வைச்சிருக்கிறன். பம்ப் இல்லை, சரிவில தானா வரவேணும். மரத்தடியில சொட்டுது, வாளிக்கு வாறதில்லை. ஞாயிறு மச்சான் ஆக்கள் வருகினம், அதுக்குள்ள கொஞ்சமாவது பாணி காய்ச்சவேணும்.

குளிர்விரும்பி: ரியூப் என்ன சைஸ்? எத்தனை மரம்? சரிவு எவ்வளவு?

சுதா_பீற்றர்பரோ: இரவில உறையுதா? இரவு −5, பகல் +5 எண்டு மாறி மாறி இருந்தால்தான் ஓடும். எங்கட பக்கம் இந்தக் கிழமை உறையவே இல்லை.

ரவி_மொன்றியல்: அணில்தான். ரியூப்பைக் கையால தடவிக்கொண்டு போங்கோ, பல்லுத்தடம் அம்பிடும்.

சீனிவாத்தியார்: தேடிப் பாக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. 3/16 அங்குலம் எண்டால் சாறு குழாயை நிறைச்சுக்கொண்டு இறங்கும், அந்தப் பாரமே மேல இருக்கிற மரத்தை உறிஞ்சும். 30 அடி இறக்கம் இருந்தால் பம்பே தேவையில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்து ரிம் வில்மொற் சோதிச்சுக் காட்டினது. 5/16 எண்டால் சாறு அடியால மட்டும் ஓடும், உறிஞ்சல் பெரிசாக் கிடையாது. 100 அடிக்கு 2 அடியாவது சரிவு வேணும்.

குளிர்விரும்பி: 3/16 இல ரீ (ரியூப்புகளைச் சேர்க்கிற T மூட்டு) அடைபடுறதையும் சொல்லுங்கோ வாத்தியார். அடுத்த வருசம் கழட்டிப் பாத்தால் உள்ளுக்க வழுவழு எண்டு இருக்கும்.

சீனிவாத்தியார்: ஒழுங்காக் கழுவினால் அடைபடாது.

குளிர்விரும்பி: எதால? கடைப் பிளீச்சால கழுவினால் உப்பு ருசிக்கு அணில் வந்து கடிக்கும்.

ரவி_மொன்றியல்: நான் முதலே சொன்னன்.

பனங்கிழங்கு: வாளிக்குள்ள சுண்ணாம்பு பூசவேணுமோ? ஊரில கருப்பணி (பனம் பதநீர்) முட்டிக்குப் பூசுறவை.

சுதா_பீற்றர்பரோ: ஐயோ, பூசிப்போடாதேங்கோ! அது வெயிலில புளிச்சுக் கள்ளாகாமல் இருக்க. இங்க வாளியைச் சுத்திப் பனியைக் குவிச்சு, கெதியாக் காய்ச்சினால் காணும்.

பனங்கிழங்கு: 40 லீற்றர் காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணியாம். விறகுக் காசுக்கே கட்டாது. எங்கட பனைக்குக் கிட்ட நிக்கேலுமோ?

சீனிவாத்தியார்: லின்ட்சேயில பனை நட்டுட்டு வந்து சொல்லுங்கோ.

பனங்கிழங்கு: பனங்கட்டி திண்டு வளர்ந்த வாய்தானே உங்கடையும்?

குளிர்விரும்பி: சண்டையைப் பிறகு பிடியுங்கோ. லின்ட்சே, சொட்டுறது துளை வாயாலயோ? அப்பிடியெண்டால் கீழ எங்கயோ அடைச்சு, சாறு மேல தேங்குது. ரியூப் தொங்குற இடத்தைப் பாருங்கோ.

லின்ட்சே_காணி: 5/16, எட்டு மரம். இரவு −6. வேலிக்குக் கிட்ட ரியூப் தொய்ஞ்சு, நிழலுக்க ஐஸ் கட்டி நிண்டது. கம்பி இழுத்து நிமிர்த்தியாச்சு, ஓடுது. நன்றி.

புதுக்காணி: எனக்கும் ஓடுதில்லை. 3/16. காத்துப் போக மேல ஒரு ஓட்டை போடட்டோ?

சீனிவாத்தியார்: போடாதேங்கோ, உறிஞ்சல் எல்லாம் போயிடும். இறக்கம் எத்தனை அடி?