ஹெரால்டு பிரோஷர்களைச் சுவரில் மாட்டுவதா, பெட்டியில் வைப்பதா?

கேசல்72: மறைந்த மூத்த உறுப்பினரின் வீட்டார் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நம் பழைய கார் கிளப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பிரோஷர்கள், ஒர்க்‌ஷாப் மேனுவல், எனாமல் பேட்ஜ்கள், பழைய ஆர்.சி. புத்தகங்கள். ஹாலின் நீளச் சுவரில் கண்ணாடி போட்டு அத்தனையையும் மாட்டிவிடலாம் என்கிறேன். 1961இல் ஹெரால்டு, 1972இல் கேசல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வண்டலூரில் கார் செய்த கம்பெனி ஸ்டாண்டர்டு. அப்படி ஒன்று இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெட்டிக்குள் கிடந்தால் யாருக்கு லாபம்?

ஆவணக்காரி: சார், அந்தச் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கடைவாசல் போஸ்டர்கள் வெயிலில் நீலமாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், போனது திரும்பாது. காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் அளவு என்று அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். நம் ஹாலில் பகலில் அது பல மடங்கு. ஸ்கேன் செய்து நல்ல பிரதியை மாட்டுவோம், அசல் அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். கோயிலில் உற்சவர்தானே வீதிக்கு வருகிறார், மூலவரையா தூக்கி வருகிறோம்?

கேசல்72: மேடம், கூட்டம் மூலவரைப் பார்க்கத்தான் வரிசையில் நிற்கிறது! பிரின்ட் எடுத்த படத்தைப் பார்க்க யார் ஹால் வரை வரப்போகிறார்கள்? அதை போனிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

செகண்ட் ஓனர்: +1. லேமினேட் செய்தால் பிரச்சினை தீர்ந்தது. தூசி, ஈரம் எதுவும் அண்டாது.

ஆவணக்காரி: தயவுசெய்து வேண்டாம்! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் கூடாது, சில வருடத்தில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். பி.வி.சி. ஃபோல்டருக்குப் பதில் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பேட்ஜ்களைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்க யாராவது கிளம்பினால் அவர்களையும் நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சும் எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

டாப்பெட் தம்பி: நீங்கள் இரண்டு பேரும் மேனுவலை மறந்துவிட்டீர்கள். அது வேலை செய்கிற புத்தகம். நான் புரட்டிப் பார்த்தேன். டாப்பெட் (இன்ஜின் வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளிக்கு அச்சில் ஓர் எண், பக்கத்தில் யாரோ மெக்கானிக் பென்சிலில் வேறோர் எண் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். ஓரத்தில் ஆயில் கட்டைவிரல் ரேகை. கண்ணாடிக்குள் வைத்தால் ஒரே ஒரு விரிப்புதான் தெரியும், பூட்டி வைத்தால் அதுவும் இல்லை. ஹெரால்டு ஓட்டுகிறவனுக்கு எல்லாப் பக்கமும் வேண்டும். முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். அந்த ரேகையை ‘சுத்தம்’ செய்கிறேன் என்று அழிப்பானோடு யாரும் போகாதீர்கள். அந்த வண்டிகளை நம் ஊர்க்காரர்கள் எப்படி ஓட வைத்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் சாட்சி, பிரோஷர் இல்லை.

ஆவணக்காரி: முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆர்.சி. புத்தகங்களில் வீட்டு விலாசம் எல்லாம் இருக்கிறது. குடும்பத்தாரிடம் கேட்காமல் அவற்றை மாட்டக்கூடாது.

கேசல்72: அது சரி, எடுத்துவிடுவோம். ஆனால் அசலே வெளியே வரக்கூடாது என்பதை ஏற்க மாட்டேன். கொடுத்தவர்கள் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பிரோஷர், திரை போட்ட சின்ன அலமாரி, ஆள் வரும்போது மட்டும் விளக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆவணக்காரி: அந்த அலமாரி ஜன்னல் இல்லாத பக்கச் சுவரில் இருந்தால் சம்மதம். உள்ளே டியூப்லைட் வேண்டாம், சின்ன எல்.இ.டி. போதும். அசல் உள்ளே போனதும் அந்த இடத்தில் பிரதி.

செகண்ட் ஓனர்: ஒரு பிரோஷருக்கு இவ்வளவா! எங்கள் வீட்டில் எல்லாம் பரணில்தான் கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

டாப்பெட் தம்பி: அண்ணே, பரணில் காகிதம் அரிக்கும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அதற்குப் பசையென்றால் உயிர். அப்புறம் கேசல் சார், அந்த டிரங்குப் பெட்டிகள் இன்னும் தரையில்தானே இருக்கின்றன? 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும். பிரோஷரின் வழவழப்பான தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வராது. சுவரா அலமாரியா என்பது கமிட்டியில் முடிவாகட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், இன்னும் இரண்டு பேர் வந்தால் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிவிடலாம்.

கேசல்72: வருகிறேன். மாடி அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.