மலையிறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமா, மூடநம்பிக்கையா?

ஞாயிறு ஓட்டுநர்:
என்னுடையது 2017இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முதல் இரண்டு வருடம் கோவைக்குள் லிட்டருக்குப் பதினாறு கொடுத்தது. இப்போது பதின்மூன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது. போன வாரம் குன்னூர் போய்த் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், "இறக்கத்தில் எதற்கு கியர்? நியூட்ரலில் விடுங்கள் மாப்பிள்ளை, மேட்டுப்பாளையம் வரை பெட்ரோலே செலவாகாது" என்றார். பர்லியார் வரை அவர் பேச்சைக் கேட்டேன். அங்கே கருகிய வாடை வந்ததும் ஓரம் கட்டிவிட்டேன். அவர் சொன்னது சரியா? பட்டறையில், இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் மைலேஜ் திரும்பிவிடும் என்று நான்காயிரம் கேட்கிறார்கள். அது வேண்டுமா?

பழைய அம்பாசிடர்:
மாமனார் அனுபவஸ்தர், கேளுங்கள். நான் 1986 முதல் வாடகைக் கார் ஓட்டியவன். நியூட்ரலில் இன்ஜின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் அமைதியாக நிற்கும்; இரண்டாவது கியரில் இறங்கினால் மூவாயிரத்தில் கத்தும். எது அதிகம் குடிக்கும் என்று குழந்தைகூடச் சொல்லும். வாடைக்குக் காரணம் நியூட்ரல் இல்லை. பிரேக்கின் மேல் காலை ஊன்றியே வந்திருக்கிறீர்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

நான்காவது கியர்:
ஐயா, கத்துவது வேறு, குடிப்பது வேறு. உங்கள் அம்பாசிடரில் இருந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜினின் உறிஞ்சலுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கசிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. இவருடைய காரில் இருப்பது இன்ஜெக்டர். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சுற்று அதிகமாக இருக்கும்வரை கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். இன்ஜினைச் சுழற்றுவது சக்கரங்கள்தான். நியூட்ரலுக்குத் தள்ளியதும் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரித்தாக வேண்டும்.

வாயால் சொல்லவில்லை. ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் துளையில் கார் கணினியின் கணக்கைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிக் கோத்தகிரி இறக்கத்தில் பார்த்தேன். இரண்டாவது கியரில் எரிபொருள் ஓட்டம் பூஜ்யம். நியூட்ரல் போட்ட மறு நொடி மணிக்கு 0.6 லிட்டர் என்று எழுந்து நின்றது.

பழைய அம்பாசிடர்:
தம்பி, மலையை விடுங்கள், சமவெளிக்கு வாருங்கள். மேம்பாலத்திலிருந்து இறங்குகிறீர்கள். கியரில் காலை எடுத்தால் இன்ஜின் இழுத்துப் பிடித்து, பாலம் முடிவதற்குள் வேகம் செத்துவிடுகிறது. திரும்ப மிதிக்கிறீர்கள். நான் நியூட்ரலில் விட்டால் வண்டி இன்னும் முந்நூறு மீட்டர் தானாக உருளும். அந்த முந்நூறு மீட்டரில் உங்கள் பூஜ்யம் எங்கே போயிற்று?

நான்காவது கியர்:
இது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். லேசான சரிவில், பிரேக் தேவைப்படாத இடத்தில், நியூட்ரல் ஒரு துளி மிச்சம் பிடிக்கலாம். எவ்வளவு? பாலத்துக்கு அப்பால் உருளும் முந்நூறு மீட்டரை லிட்டருக்குப் பதினைந்து ஓடும் கார் மிதித்து ஓடினால் 20 மில்லி. லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் இரண்டு ரூபாய். அதிலும் நியூட்ரலில் எரிந்ததைக் கழிக்க வேண்டும். அந்த ஒன்றரை ரூபாய்க்காக, திடீரென்று ஒருவன் குறுக்கே வந்தால் கியரைத் தேட நான் தயாரில்லை.

கணக்குப்பிள்ளை:
மலைக்கே திரும்புவோம், உயிர் போகும் இடம் அதுதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,400 மீட்டர் கீழே. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோலை எரித்த வெப்பத்துக்குச் சமம். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை கியர் என்றால் இன்ஜின் வாங்கும், நியூட்ரல் என்றால் நான்கு பிரேக்குகள்தான் வாங்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தாலும் மொத்த வெப்பம் அதேதான். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் கொதித்துக் குமிழ் விடும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று மலைச்சாலையில் பலகை வைத்திருப்பது பெட்ரோலுக்காக இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு உருள்கிறவர்களுக்கு: ஓடும் இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடம்தான் பிரேக் மிதிக்க உதவுகிறது; சில மிதிப்புகளுக்குப் பிறகு அதுவும் தீர்ந்துபோகும்.

எல்லாம் எத்தனால்:
ஆளுக்கொரு கியரைப் பிடித்துச் சண்டை போடுகிறீர்கள். மைலேஜைத் தின்றது பங்க்கில் ஊற்றும் 20 சதவீத எத்தனால். அதைப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

தென்காசி வாசகி:
வாய் வருகிறது, கணக்குதான் வரவில்லை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஏழு சதவீத அளவு அடிபடும். நிதி ஆயோக்கின் 2021 நிபுணர் குழு அறிக்கையும் பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் என்றுதான் சொன்னது. பதினாறு பதின்மூன்றானால் அது கிட்டத்தட்ட 19 சதவீதம். மீதிக்கு வேறு திருடன் இருக்கிறான்.

ஞாயிறு ஓட்டுநர் அண்ணா, நான்காயிரத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று அடுத்து ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் இன்ஜெக்டர் கார்களின் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் அசையவில்லை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பங்க்கில் எல்லா வண்டிக்கும் 35 அடிக்கிறவரை நம்ப வேண்டாம். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் மிதித்துக்கொண்டே போய்க் கடைசி இருபது மீட்டரில் பிரேக் பிடிக்கிறவரா நீங்கள்? அதுவும் பெட்ரோல்தான்.

ஆனால் என் சந்தேகம் அந்தக் கருகிய வாடை. நான்கு சக்கரத்திலும் வந்ததா, ஒன்றிலா?

ஞாயிறு ஓட்டுநர்:
இடது முன்சக்கரத்தில்தான். நீங்கள் கேட்ட பிறகே யோசிக்கிறேன்.

தென்காசி வாசகி:
அப்படியானால் கியருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். சமதரையில் ஜாக்கி வைத்து, நியூட்ரலில் போட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீர்கள். வலது சக்கரத்தையும் அதேபோல் சுற்றிப் பாருங்கள்.

ஞாயிறு ஓட்டுநர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். வலது சக்கரம் தள்ளியதும் ஒன்றரைச் சுற்று போய் நின்றது. இடதுபுறம் கையை எடுத்ததும் நின்றுவிட்டது, உரசும் சத்தத்தோடு. பிரேக் பேடை அழுத்தும் காலிபர் நகர்வதற்கான பின் (ஊசி) துருப்பிடித்து, பிரேக் விடுபடாமல் நாள்கணக்கில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, இரண்டு முன்சக்கரத்துக்கும் பேட் மாற்றினார்கள். இன்ஜெக்டரைத் தொட விடவில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் 14.8 வந்தது. ஒரே ஒரு தடவை பார்த்த கணக்கு, இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாமனாரிடமும் சொன்னேன். "நான் நியூட்ரலில் விடச் சொன்னதால்தானே வாடையே வெளியே வந்தது?" என்கிறார்.

பழைய அம்பாசிடர்:
அதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன், அனுபவஸ்தர் என்று.