'கொத்து' வேண்டாம், 'குலை' என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். நம் மாதிரி ஏவூர்தி வழிகாட்டியில், பல மோட்டார்களைச் சேர்த்துக் கட்டி ஒன்றாகப் பற்றவைக்கும் 'cluster' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான் இது.

> பறக்கும் தட்டு மாதிரியில் ஒரு மோட்டாருக்குப் பதில் மூன்றைப் பொருத்துவதை 'கொத்து மோட்டார்' என்றே எழுதிவிடலாம். எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

கோயம்புத்தூர் அண்ணா எழுதியது. அண்ணா, எளிய சொல்தான். ஆனால் திருகோணமலையில் இருந்து கேட்டால் இரண்டு பாதியும் இடிக்கின்றன. இங்கே ரொட்டியை விட்டால் 'கொத்து' என்றதும் நினைவுக்கு வருவது கொத்துக்குண்டு. 'மோட்டார்' என்பது எறிகணைக்கும் பெயர். புகை கக்கிக்கொண்டு மேலே போகும் ஒன்றுக்கு இவ்விரண்டையும் ஒட்டிவைத்துப் பெயரிட்டு, உப்புவெளியில் எங்கள் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் தெரியாது. கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் தாய்மாருக்குத் தெரியும்.

மோட்டாருக்கு 'உந்துபொறி' போதும். உந்துருளி ஓட்டுகிற ஊருக்கு அது புதிதல்ல.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி 'சரம்' என்றா. அழகான சொல், ஆனால் சரவெடி ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது. அது அடுக்கு ஏவூர்திக்குத்தான் பொருந்தும். நாம் தேடும் சொல்லுக்கு உயிரே எல்லாம் ஒரே கணத்தில் பற்றுவதில் இருக்கிறது. கரைவலை இழுப்பதைப் பாருங்கள்: ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்தால் வலை கோணிவிடும். மூன்றில் ஒன்று பற்றாவிட்டாலும் அப்படித்தான், உந்துவிசை நடு அச்சை விட்டு விலகித் தட்டு சாய்ந்துவிடும்.

என் முன்மொழிவு 'பொறிக்குலை'. போன வாரம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமும் உள்ள மூன்று வெற்றுப் பொறிக்கூடுகளை ஒட்டவைத்து நூலால் கட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு நெருப்புக்குச்சி நுழையும் இடைவெளிதான் மிஞ்சியது. சுற்றி அளந்தால் தட்டில் ஏறத்தாழ 39 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தபோது தோன்றியது ஒரே தண்டைச் சுற்றிக் காய்த்த குலைதான். எல்லாக் காயும் ஒரே தண்டில் தொங்கும், பாரம் முழுக்க ஒரு முனையில். இங்கேயும் அதேதான் சிக்கல்: மூன்று பொறியின் எடை பின்னால் சேர்ந்தால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். அது, காற்றின் விசை தாக்கும் புள்ளியான அமுக்க மையத்துக்கு முன்னால் நிற்க, தட்டின் மூக்கில் களிமண் வைத்து ஈடுகட்ட வேண்டும்.

'குலைதல்' என்றால் சிதைதல் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் சந்தையில் வாழைக்குலை வாங்கும் யாரும் அது சிதைந்துவிடும் என்று நினைப்பதில்லை. பெயராக நிற்கும்போது குலை எப்போதும் சேர்ந்திருப்பதுதான். பொறியின் வலுவைக் காட்டும் எழுத்து வகுப்பைச் சொல்லவும் வசதி: சி வகுப்புப் பொறி ஒன்றின் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) 10 நியூற்றன் செக்கன் வரை. 'முப்பொறிக்குலை' என்றால் 30 வரை, அதாவது ஈ வகுப்பு. சொல்லிலேயே கணக்கு வந்துவிடுகிறது.

அப்புறம், மின்கம்பி இணைப்பு. அண்ணாவின் வரைவில் 'பக்க இணைப்பு' என்று இருக்கிறது. எங்கள் பாடநூலில் 'சமாந்தர இணைப்பு'. இரண்டையும் போட்டுவிடுவோம், இதில் குழப்பம் வரக்கூடாது. பொறிக்குள் மின்னால் நெருப்பு மூட்டும் பற்றவைப்பிகளைத் தொடராக இணைத்தால், முதலில் எரிந்து அறுவது மற்றவற்றுக்குப் போகும் மின்னையும் நிறுத்திவிடும்.

வழிகாட்டியில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பொறிக்குலையின் பற்றவைப்பிகள் மூன்றையும் சமாந்தரமாக இணைத்து 12 வோல்ற்று மின்கலத்தில் தொடுக்கவும். பறந்து இறங்கிய பின் பற்றாப்பொறி ஏதும் உண்டா என்று பெரியவர் ஒருவர் முதலில் பார்க்க வேண்டும்."

'பற்றாப்பொறி' என்பது பற்றாமல் விட்ட பொறிக்கு நான் இப்போதுதான் வைத்த பெயர். அதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். 'குலை' பற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, திங்கள் பிள்ளைகளுக்கு அச்செடுக்க வேண்டும்.