வாடி நாயும் வாய்வெடியும்

படுவான்கரையான்:
எங்கள் வயல் மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளிப் பக்கம், காட்டோரத்தில் இருக்கிறது. பெரும்போகத்தில் நெல் குடலைப் பருவத்துக்கு, கதிர் உள்ளே பொதிந்திருக்கும் கட்டத்துக்கு, வந்துவிட்டால் இரவுக் காவல் இல்லாமல் எதுவும் மிஞ்சாது. என்னோடு காவலுக்கு வருபவன் என் நாய் கறுவல். பன்றி இறங்கினால் வரப்பில் பாய்ந்து ஓடிக் குரைப்பான். யானை என்றால் குரைக்கவே மாட்டான். காவல் குடிலான வாடிக்குள் வந்து, என் காலோடு ஒட்டி நின்று, அடித்தொண்டையில் உறுமுவான். அதைக் கேட்டுத்தான் நான் யானையை விரட்டும் சத்தவெடியான யானைவெடியைத் தேடி எடுப்பேன். இருட்டில் யானைக்கு நேரே போய் நிற்காமல் நான் பிழைத்திருப்பது அவனால்தான்.

ஒரு விடியற்காலையில் குளக்கட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கறுவல் திரும்பி வந்தபோது கீழ்த்தாடையின் ஒரு பக்கம் சிதைந்து தொங்கியது. பன்றிக்காக யாரோ பற்றைக்குள் வைத்திருந்த வெடியைக் கடித்திருக்கிறான். மோட்டார் சைக்கிளில் மனைவி அவனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவன் முனகவே இல்லை, அவள்தான் அழுதாள். கால்நடை வைத்தியர் மயக்க ஊசி போட்டு, உடைந்த எலும்பை எடுத்துவிட்டுத் தைத்தார். இப்போது கஞ்சியும் முள் நீக்கிய மீனும் கரைத்துக் கொடுக்கிறோம். நக்கித்தான் குடிப்பான், பாதி கீழே சிந்தும். காவலுக்கு மட்டும் வராமல் இருக்க மாட்டான்.

இந்த வாய்வெடியைத்தான் ஹக்கப்பட்டாஸ் என்கிறார்கள். வெடிமருந்தோடு கல்துண்டுகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, பூசணிக்காய் போன்ற தீனிக்குள் மறைத்து வைப்பது. நோக்கம் பன்றி இறைச்சி. பன்றியைவிட எனக்கு மனம் பதறுவது யானைக் கன்றுகளை நினைத்துத்தான். இளம் யானைகளே இதில் அதிகம் அகப்படுகின்றன. நாக்கும் தாடையும் சிதைந்த யானைக்கு உடனே சாவு வராது. தின்ன முடியாமல் நாள்கணக்கில் மெலிந்து, எங்காவது விழும். என் வேளாண்மையை மிதித்த யானைமேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தச் சாவை எந்த உயிருக்கும் நான் விரும்பமாட்டேன். இறைச்சிக்காக இதை வைப்பவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சம்மாந்துறை ஆசிரியை:
அண்ணன், கறுவலைப் பற்றி வாசித்து மனம் கலங்கிவிட்டது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் யானைகளைக் கொல்ல வெடிகூடத் தேவைப்படவில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் அவை பொலித்தீன் தின்பதை நான் பஸ்ஸை விட்டிறங்கி நின்று பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் குட்டியும் இருந்தது. தாய் கிளறிய இடத்திலேயே அதுவும் துதிக்கையை விட்டுத் துழாவியது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உடற்கூற்றுப் பரிசோதனையில் வயிற்றுக்குள் இருந்தவை பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும்.

யானைக்குப் பொலித்தீனில் ஆசை கிடையாது. அதில் ஊறிய கறியின் வாசனைக்கும் உப்புக்கும்தான் வருகிறது. எங்கள் வீட்டுப் பூனை மீன்கழிவு கட்டிய பையைக் கிழிப்பதும் அதற்காகத்தான். அன்று முதல் சோற்றுக் கழிவைப் பையில் கட்டி வெளியே வைப்பதை நிறுத்திவிட்டேன். வளவுக்குள் குழி வெட்டிப் போடுகிறோம், தென்னைக்கு உரமாகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் வீடுகளிலும் இப்போது குழி இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும்: வெடிபட்ட யானையைக் கண்டால் நாங்கள் என்ன செய்வது?

படுவான்கரையான்:
கிட்டப் போகவேண்டாம், தங்கச்சி. வலியில் நிற்கும் யானை எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. வாயில் எச்சில் வழிய, தீனி எடுக்காமல் குளத்தோரமாக ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு எடுத்து, குளத்தின் பெயர், வட்டையின் (வயல்வெளியின்) பெயர், பார்த்த நேரம் மூன்றையும் சொல்லுங்கள். கிராம சேவகருக்கும் சொல்லிவையுங்கள். சனத்தைக் கூட்டிப் படம் எடுக்க விடவேண்டாம். விரட்டினால் காட்டுக்குள் போய்விடும், பிறகு வைத்தியர் வந்தும் பயன் இல்லை.